பீடத்து வளைவு

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம். அதற்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டில் மணல்மேட்டுக் குப்பம் என்று ஓர் ஊர் இருந்தது. கடல் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பங்கள் நாற்பது. ஏரிப் பக்கம், மாதா கோயிலை ஒட்டி, வேதக்காரக் குடும்பங்கள் இருபது. வேதக்காரர்களில் கொத்து வேலை தெரிந்தவன் சவரியான் ஒருவன்தான்.

சவரியான் அதிகம் பேசாதவன். ஒல்லாந்தர் கிடங்குகளுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறான். அவர்களுடைய கல்லறைகளுக்கு மேடை கட்டியிருக்கிறான். பொன்னேரிப் பக்கம் போய்க் கிணறும் கட்டியிருக்கிறான். அவன் மனைவி மரியம்மா ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கிளிஞ்சல் அரிப்பாள், சூளையில் சுடுவாள், சுட்ட சுண்ணாம்பை மணலோடும் கருப்பட்டித் தண்ணீரோடும் கல்லில் அரைத்துச் சாந்தாக்குவாள். அவன் கட்டியதையெல்லாம் ஒட்டிப் பிடித்திருந்தது அவள் கைப்பட்ட சாந்துதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்தது.

அந்த மாதா கோயிலைக் கட்டியது ஒல்லாந்தருக்கு முன்னால் வந்த பறங்கியர். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பார்கள். பெரிய கோயில் இல்லை. மேற்கே வாசல், கிழக்கே பீடம், நடுவில் நீளமாக ஒரே கூடம். கூடத்துக்கும் பீட அறைக்கும் இடையில் எட்டு முழ அகலத்தில் ஒரு செங்கல் வளைவு. கோயிலின் அழகெல்லாம் அந்த வளைவில்தான் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து வருடத்துக்கு மூன்று நாலு தடவை சாமியார் வந்து பூசை வைப்பார். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் மெழுகுவர்த்தி எரியும், இந்தப் பக்கம் சனங்கள் மண்டியிட்டிருப்பார்கள். மற்ற நாட்களில் உபதேசியார் ஜெபம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்.

ஒரு வைகாசி மாதத்தில் புயல் அடித்தது. கடல் மணல்திட்டைத் தாண்டி ஏரிக்குள் விழுந்தது. விடிந்து பார்த்தபோது கோயிலின் ஓடுகளில் பாதி இல்லை. கூரையின் பனஞ்சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. பீடத்து வளைவு இடிந்து, இரண்டு பக்கமும் தோள் மட்டும் நின்றது.

பழுது பார்க்கக் கோட்டையில் அனுமதி கேட்டார்கள். கிடைத்தது. உபதேசியார் சவரியானைக் கூட்டிக்கொண்டு போய்க் கோயில் நடுவில் நிறுத்தினார்.

"இன்னா சவரியான், ஆவுமா?"

"பாக்கணும் உபதேசியாரே."

அவன் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தான். காரையைச் சுரண்டினான். மேலே வெள்ளை, அதற்குக் கீழே சாம்பல் நிறம், அதற்கும் கீழே செங்கல் தூள் கலந்த இளஞ்சிவப்பு. மூன்று காலத்தில் மூன்று பேர் பூசியிருக்கிறார்கள். வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்து, பிறகு யாரோ அதைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வாசலுக்கு அருகே ஒரு முழம் தோண்டியபோது இன்னொரு தளம் தட்டுப்பட்டது. மணல் ஏற ஏற, தளத்தையும் உயர்த்திக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒருவர் கட்டிவைத்த கோயில் என்று அவன் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தது, எத்தனையோ பேர் விழ விழத் தூக்கி நிறுத்திய கோயிலாக இருந்தது.

பிறகு வளைவின் தோள்களைப் பார்த்தான். இடது தோளில் பறங்கியர் காலத்துப் பட்டையான பெரிய செங்கல், மெல்லிய சாந்து. வலது தோளில் சின்னச் செங்கல், இடைவெளியெல்லாம் ஓட்டுத்துண்டு போட்டு நிரப்பியிருந்தது. இந்த வளைவு முன்பே ஒரு தடவை விழுந்திருக்கிறது. அவசரத்தில் யாரோ மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

"பக்கத்துச் சொவருக்கு வெளியில முட்டுச்சொவர் வெக்கணும்," என்று உபதேசியாரிடம் சொன்னான். "வளைவு கீழ தள்ளாது, பக்கத்துல தள்ளும். அத்தத் தாங்க ஆள் வேணும். மொதல்ல அது. அப்பறம் வளைவு."

ஆடியிலிருந்து புரட்டாசி வரை சுவர்களைச் செப்பனிட்டு, முட்டுச்சுவர் இரண்டையும் எழுப்பிவிட்டான். வேதக்காரக் குடும்பங்கள் எல்லாம் கல் சுமந்தார்கள். பிறகு வளைவுக்கு வந்தபோது மரம் இல்லை. வளைவு கட்ட வேண்டுமானால் முதலில் அதே வடிவத்தில் மரத்தால் ஒரு வளைவு வேண்டும். அதன்மேல்தான் செங்கல்லை அடுக்க முடியும். சாந்து இறுகி, கல்லும் கல்லும் ஒன்றையொன்று நெருக்கித் தானாக நிற்கிற வரைக்கும் அந்த மரம் அடியில் நின்று தாங்கவேண்டும். புயலில் விழுந்த பனஞ்சட்டங்கள் எல்லாம் நேர் மரங்கள். வளைக்க வராது.

அதை யோசித்துக்கொண்டே ஒரு காலையில் கடற்கரைக்குப் போனான். கட்டுமரங்களை அவிழ்த்து மணலில் உலர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டுமரத்திலும் ஓரத்து மரங்கள் இரண்டும் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும். அலையில் ஏறுவதற்காக அப்படிச் செதுக்குவார்கள். சவரியான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னா சவரி, கட்டுமரத்த அப்டி மொறச்சிப் பாக்குற? கடலுக்கு வர்றியா?"

கேட்டது தேசப்பன். குப்பத்து மீனவன். சவரியானும் அவனும் ஒரே வயது. சின்னதில் ஏரியில் ஒன்றாக நண்டு பிடித்தவர்கள்.

"இந்த மாதிரி வளைஞ்ச மரம் எனக்கு வேணும் தேசப்பா. பத்து."

"இன்னாத்துக்கு?"

"கோயில் வளைவு காயிற வரிக்கும் கீழ நின்னு தாங்க."

தேசப்பன் சிரித்தான். "அவ்ளோதானா? ஐப்பசில கடல் பொங்குனா நாங்க எங்க போறோம்? மரம் சும்மாதான் கெடக்கும். எட்த்துக்கோ. கார்த்திகைல தண்ணி அடங்குனா திருப்பிக் குடு."

தன்னுடையதை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை அவன். இன்னும் நாலு கட்டுமரக்காரர்களிடம் பேசினான். குப்பத்துப் பெரியவர் கங்காதரனிடமும் போய் நின்றான். பெரியவர், "நம்ம பொம்பளைங்களும்தான் கொழந்தைக்கு காய்ச்சல்னா அந்த மாதாகிட்ட போயி நிக்கிறாளுங்க. குடுங்கடா," என்றார். ஐந்து கட்டுமரத்தின் ஓரமரங்கள், பத்து மரம், தோளில் ஏறிக் கோயிலுக்குள் வந்தன. அவற்றைக் கட்டுகிற கயிற்றையும் தேசப்பனே கொண்டுவந்தான். இரண்டிரண்டாகச் சாய்த்து, வளைந்த நுனிகள் உச்சியில் சந்திக்கும்படி நிறுத்தினார்கள். அதன்மேல் பனம்பலகை போட்டு, களிமண்ணால் வடிவம் திருத்தி, அடியில் ஆப்பு வைத்தார்கள். ஐப்பசி பாதியில் சவரியான் வளைவின் உச்சிக்கல்லை இறக்கினான். சாந்து மரியம்மா அரைத்தது. வழக்கத்தைவிட இரண்டு நாள் கூடுதலாக அரைத்திருந்தாள்.

அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டது.

வழக்கமான மழை இல்லை. நாலு நாள் பெய்யும், ஒரு நாள் மூட்டம் போட்டிருக்கும், மறுபடி பெய்யும். கூரைக்கு ஓலைதான் போட்டிருந்தார்கள். சுவரெல்லாம் வேர்த்துக் கிடந்தது. கார்த்திகை முடிகிற நேரத்தில் கடல் அடங்கிவிட்டது, மழை அடங்கவில்லை. பக்கத்துக் குப்பங்களில் வவ்வால் மீனும் காலா மீனும் கூடை கூடையாக ஏறிற்று. மணல்மேட்டில் ஐந்து கட்டுமரங்கள் ஓரமரம் இல்லாமல் மணலில் கிடந்தன. அந்த ஐந்து வீட்டாரும் கரையில் நின்று மற்றவர்கள் வலை இழுப்பதைப் பார்த்தார்கள்.

முதலில் பத்து நாள் கேட்டான் சவரியான். கொடுத்தார்கள். இன்னும் ஐந்து நாள் கேட்டான். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மரத்தைக் கேட்டுக் கங்காதரனே ஆள் அனுப்பினார்.

மரியம்மா சாரத்தில் ஏறி, வளைவின் அடியில் பிதுங்கியிருந்த சாந்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"நகம் எறங்குது," என்றாள். "இன்னும் பச்சையா கீது. ஒரு மாசமாவது வுடணும்."

"ஒரு மாசம் அவங்க இன்னாத்தச் சாப்புடுவாங்க?"

"தெரியல. ஆனா சாந்து எனக்குத் தெரியும்."

அன்று மாலை தேசப்பன் சவரியான் வீட்டுக்கு வந்தான். சண்டை போட வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, மழை விட்ட வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மூன்று பிள்ளைகள். மனைவி கோவிந்தம்மா கைக்குழந்தைக்காரி. இரண்டு நாளாக அவன் வீட்டில் கஞ்சித்தண்ணி என்று மரியம்மா சொல்லியிருந்தாள்.

"சவரி, நீ முடியாதுன்னா முடியாதுதான். நான் போயி அவங்ககிட்ட சொல்லிக்கிறேன். திட்டுவாங்க, திட்டட்டும்."

கோபமாகக் கேட்டிருந்தால் சவரியான் மறுத்திருப்பான். அதை அவன் பிறகு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தான். அந்தப் பரிவுக்கு முன்னால் அவனுக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை.

"நாளைக்குக் காலையில எட்த்துடலாம்," என்றான். மரியம்மா எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் வெயில் அடித்தது. அது ஒரு தைரியத்தைக் கொடுத்தது. சவரியான் ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி இளக்கினான். மரவளைவு அரை விரல் இறங்கியது. மேலே செங்கல் அசையவில்லை. தேசப்பனும் மற்றவர்களும் மரங்களை ஒவ்வொன்றாக உருவி வெளியே எடுத்தார்கள். கடைசி மரம் வெளியே போனதும் வளைவு தனியாக நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். உபதேசியார் அழுதுவிட்டார். யாரோ சவரியானைத் தோளில் தட்டினார்கள்.

அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான். உச்சிக்கல்லுக்கு இடப்பக்கம், தலைமயிர் கனத்தில் ஒரு கோடு.

சாந்து காயும்போது வருகிற மேல்வெடிப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பச்சைச் சாந்தில் காய்ந்த வெடிப்பு வராது என்று அவனுக்குத் தெரியும். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மரங்கள் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன. மறுபடி கொண்டுவாருங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? எல்லாரும் கலைந்து போகட்டும், மத்தியானம் பனஞ்சட்டத்தால் ஒரு முட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

ஒரு நாழிகை போயிருக்கும். சவரியான் வாசலில் நின்று உபதேசியாரோடு கூரை ஓடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். தேசப்பன் கடற்கரையிலிருந்து திரும்பி வந்தான்.

"கயிறு உள்ளயே கெடக்குது," என்று சொல்லிக்கொண்டே அவர்களைத் தாண்டி உள்ளே போனான். போகும்போது சவரியானைப் பார்த்துத் தலையாட்டினான்.

இருப்பா, போகாதே என்று சொல்லச் சவரியான் நினைத்தான். உபதேசியார் பக்கத்தில் நின்றார். ஒரு கயிறுதானே, எடுத்துக்கொண்டு இதோ வந்துவிடுவான்.

மணல் கொட்டுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் பெரிய சத்தம்.

செங்கல்லை அள்ளி வீசி அவனை வெளியே எடுத்தபோது தேசப்பனின் கை கயிற்றைப் பிடித்தபடியே இருந்தது. கோவிந்தம்மா இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள். அவள் கத்தவில்லை. மணலில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முடியிலிருந்த சாந்தை ஒவ்வொரு பொட்டாக எடுத்துக்கொண்டிருந்தாள். அது விரலில் ஈரமாக ஒட்டியது.

கோட்டையிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார், விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். குப்பத்தார் யாரும் சவரியானை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கங்காதரன் மட்டும், "நாங்கதான் அவசரப்பட்டோம்," என்றார். அதைக் கேட்டபோது சவரியானுக்கு, தன்னை நாலு அடி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. வெடிப்பைப் பார்த்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மரியம்மாவிடம்கூட.

ஆறு மாதம் அவன் கொத்துக் கரணையைத் தொடவில்லை. பிறகு உபதேசியார் வந்தார். வளைவே வேண்டாம், குறுக்கே ஒரு உத்தரத்தைப் போட்டு மூடிவிடச் சாமியார் சொல்லுகிறார் என்றார். சவரியான், "உத்தரம் வேணாம், நானே வளைவு கட்டித் தரேன்," என்றான். "யார் மரமும் வாங்க மாட்டேன்."

மறுநாள் அவன் தன் வீட்டுக் கூரையைப் பிரித்தான். ஓலையை இறக்கி, சட்டங்களையும் உத்தரத்தையும் கோயிலுக்குச் சுமந்தான். முற்றத்திலிருந்த பூவரச மரத்தையும் வெட்டி, அதன் வளைந்த கிளைகளைச் செதுக்கினான். மரியம்மா தடுக்கவில்லை. நாலு கம்பு நட்டு ஓலைச்சார்ப்பு ஒன்று இறக்கி, அதற்குள் அடுப்பை மாற்றினாள். கிளிஞ்சல் அரிக்கப் போனாள். சாந்து அரைத்தாள்.

ஆடியில் வளைவு ஏறிற்று. இந்த முறை பறங்கியர் கட்டியதைப் போலப் பட்டையான செங்கல், மெல்லிய சாந்து. பிதுங்கிய சாந்து புரட்டாசிக்குள் கல்லாகிவிட்டது. மரியம்மா மறுபடி சாரத்தில் ஏறி நகத்தால் அழுத்தினாள். பிறகு கத்திமுனையால் கீறினாள். கீறல் விழவில்லை.

"எறுகிடுச்சு," என்று கீழே பார்த்துச் சொன்னாள். "இனிமே அந்த மரம் சும்மாதான் நிக்குது. எட்த்துடு. மழைக்கு முன்னாடி வூட்டுக்குக் கூரை போடு."

"இந்த மழை போவட்டும்."

"சாந்து எனக்குத் தெரியும்னு அன்னிக்கும் சொன்னேன். இன்னிக்கும் சொல்றேன்."

"ஒரு மழை பாத்துடட்டும் மரியா. ஒரே ஒரு மழை."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆப்புக்குப் பக்கத்தில் போனாலே அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை வந்தது. ஓலைச்சார்ப்பு மூன்று தடவை பறந்தது, மூன்று தடவை கட்டினார்கள். கார்த்திகையில் மரியம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. உபதேசியார் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அவள், "நாலு நாள்ல சரியாப் போயிடும்," என்று இருந்துவிட்டாள். ஐந்தாம் நாள் மூச்சு இரைத்தது. ஏழாம் நாள் காலையில், அடுப்புப் பக்கம் ஈரம் படாத மூலையில் படுத்திருந்தவள், சவரியானிடம் தண்ணீர் கேட்டாள். அவன் முகந்துகொண்டு வருவதற்குள் போய்விட்டாள்.

மரியம்மாவைக் குளிப்பாட்டக் குப்பத்திலிருந்து கோவிந்தம்மா வந்தாள். தேசப்பன் செத்து ஒரு வருடமாக அவள் அந்தப் பக்கம் வந்ததில்லை. வந்தாள், குளிப்பாட்டினாள், புடவை கட்டிவிட்டாள், சவரியான் பக்கம் திரும்பாமல் போனாள்.

மரியம்மாவின் ஏழாம் நாள் ஜெபம் முடிந்த பிற்பகலில் கோவிந்தம்மா மறுபடி வந்தாள். சவரியான் கூரையில்லாத தன் வீட்டுச் சுவருக்குள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த திண்டில் அவளும் உட்கார்ந்தாள்.

"அண்ணி இன்னா சொல்லிச்சு, சாவும்போது?"

"தண்ணி கேட்டா."

பிறகு சவரியான், யாரும் கேட்காமலே சொன்னான்.

"கோவிந்தம்மா, அன்னிக்கி நான் பாத்தேன். மரத்த எட்த்ததும் உச்சியில ஒரு கோடு வுட்டுது. பாத்துக்கினே சும்மா இருந்தேன். அவன் கயித்துக்கு உள்ள போவும்போதும் வாசல்லதான் நின்னேன். போவாதன்னு சொல்லல."

அவள் எழுந்து தன்னைக் காறித் துப்புவாள் என்று அவன் எதிர்பார்த்தான். துப்பட்டும் என்றும் இருந்தது. அவள் அசையவில்லை. முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணே," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மரத்தத் தூக்கிக்கினு கரைக்கு வந்தாரில்ல, அப்போ சொன்னாரு. 'வளைவுல கோடு வுட்டுக்கீது கோவிந்தம்மா. சவரியும் பாத்துட்டான். மொகம் செத்துப் போச்சு அவனுக்கு. எல்லார் எதிர்லயும் கேட்டா அவமானமாப் போயிடும்னு வந்துட்டேன்'னாரு. கயிறு உள்ள கீதுன்னாரு. போவாதன்னு நான் சொன்னேன். 'கயிறு இல்லாம இன்னாத்தக் கட்டுறது, புள்ளைங்க பசில கீது, ஓடிப்போயி எட்த்துக்கினு வந்துட்றேன்'னு போனாரு."

அன்று தாண்டிப் போகும்போது தேசப்பன் தலையாட்டியது, நானும் பார்த்துவிட்டேன், விடு என்பதற்குத்தான் என்று சவரியானுக்கு இப்போது விளங்கியது.

"இத்த நான் ஒனக்கு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள் கோவிந்தம்மா. அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "சொல்லல. நீ சொமக்கட்டும்னு வுட்டேன். எனக்குத் திட்ட யாராவது வேணுமா இருந்துது அண்ணே. கடல்ல போயிருந்தா கடலத் திட்டுவேன். ஒன்ன வெச்சிருந்தேன். நீ வூட்டுக் கூரையப் பிரிச்சப்போ கேள்விப்பட்டேன், பிரிக்கட்டும்னு இருந்தேன். மழை பெய்யிறப்போ அண்ணி நனையிதுன்னு சொன்னாங்க. அப்பவும் வர்ல. வந்து சொல்லியிருந்தா நீ அந்த மரத்த எட்த்திருப்ப. அண்ணி இருந்திருக்கும்."

"எட்த்திருப்பனா தெரியல," என்றான் சவரியான். அவளுக்கு ஆறுதலாக அதைச் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இருவரும் அழுதார்கள். தனித்தனியாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதார்கள். வெயில் சாய்வதற்குள் கோவிந்தம்மா எழுந்துகொண்டாள். பிள்ளைகள் தேடும் என்றாள். போகும்போது, "அத்த எட்த்துடு அண்ணே. போதும்," என்றாள்.

மறுநாள் காலை சவரியான் கோயிலுக்குப் போனான். உபதேசியாரையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டான். ஆப்புகளைத் தட்டினான். மரத்தை ஒவ்வொன்றாகத் தானே இறக்கினான். அதற்கு அரை நாள் பிடித்தது. எல்லாம் இறங்கியதும் வளைவுக்கு நேர்கீழே போய் நின்றான். பீடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னல் வழியாக வெயில் விழுந்து, அவன் காலைத் தொட்டு, மெல்ல நகர்ந்து சுவருக்குப் போயிற்று. அதுவரை நின்றான். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. வளைவு விழவில்லை. ஒரு பொட்டுச் சாந்துகூட உதிரவில்லை. மரியம்மா சொன்னபடி அது எப்போதோ இறுகிப்போயிருந்தது.

தை மாதம் சாமியார் வந்து கோயிலை ஆசீர்வதித்து மந்திரித்துப் பூசை வைத்தார். கொத்தனைக் கூப்பிட்டுப் பீடத்துக்கு அருகில் நிறுத்தச் சொன்னார். தேடினார்கள். சவரியான் ஏரிக்கரையில், மரியம்மாவின் சூளைக்குப் பக்கத்தில் இருந்தான். அவள் அரித்துக் குவித்துவிட்டுப் போன கிளிஞ்சல் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. அதைச் சூளையில் அடுக்கிக்கொண்டிருந்தான். கூப்பிட வந்தவர்களிடம், சூளை வைக்க ஆரம்பித்தால் நடுவில் விட்டு வர முடியாது, பூசை நடக்கட்டும் என்று சொல்லி அனுப்பினான்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தான். கிணறு கட்டினான், சூளை போட்டான், சுவர் பூசினான். வளைவு மட்டும் கட்டித்தரச் சொன்னால் மாட்டேன் என்றுவிடுவான். கோட்டையில் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வாசல் வரைக்கும் வருவான், உள்ளே போக மாட்டான். உபதேசியார் முதலில் கண்டித்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

கோவிந்தம்மா பழவேற்காட்டுச் சந்தைக்கு மீன் கொண்டுபோகிற வழியில் அவன் வீட்டில் இரண்டு மீன் வைத்துவிட்டுப் போவாள். அதிகம் பேச்சு இருக்காது. மூத்த மகள் பெரியவளானதை, மகன் முதன்முதலாகக் கடலுக்குப் போனதை, காற்று எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். சில நாள் இருவரும் தேசப்பனைப் பற்றிப் பேசினார்கள். மரியம்மாவைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை. ஒருதரம் கோவிந்தம்மா அந்தப் பேச்சை எடுத்தாள். சவரியான் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஒரு மாசி மாதம், பட்டப்பகலில், சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் அவன் சாய்ந்து கிடந்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடி உபதேசியாரிடம் சொன்னாள். பிறகு குப்பத்துக்குப் போய்த் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையில்லாத அந்த மனிதனின் சவப்பெட்டியை முன்பக்கம் தூக்கியவர்களில் அவள் மகனும் ஒருவன். வேதக்காரர்கள் ஜெபம் சொல்லிக்கொண்டு முன்னால் போனார்கள். குப்பத்தார் பின்னால் நடந்தார்கள். கோவிந்தம்மா கல்லறைத் தோட்டத்து வேலி வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுகொண்டாள்.